சங்கம் அமைத்தால் பென்ஷன் சட்டம் மாறுமா?

செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது. அவருடைய அப்பா 2009இல் மேஜராக ஓய்வு பெற்றவர். அதே பதவியில் ஐந்தாறு வருஷம் கழித்து வெளியே வந்தவருக்கும் அவருக்கும் பென்ஷனில் பெரிய இடைவெளி. "அமெரிக்காவில் ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, நாடாளுமன்றத்தையே அசைக்கிறது, நாமும் கோலாலம்பூரில் அப்படி ஒன்று தொடங்கிச் சட்டத்தை மாற்ற வைக்கலாம்" என்று அப்பாவும் அவர் கூட்டாளிகளும் பேசிக்கொள்கிறார்களாம். அங்கிள், இது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான் தம்பி. ஆனால் அப்பா நினைக்கிற வழியில் இல்லை.

நான் சீருடையைக் கழற்றிப் பல வருஷம் ஆகிறது. அதன் பிறகு முன்னாள் படையினர் சங்கம் ஒன்றில் பென்ஷன் குழுவுக்குச் செயலாளராக உட்கார்ந்து மனு எழுதுவதே வேலையாகிவிட்டது. முதல் நான்கைந்து வருஷம் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. மனுவைக் கட்டாக அடித்து, நாடாளுமன்ற வாயிலில் ஒரு மாண்புமிகுவின் கையில் கொடுத்து, படம் எடுத்து, பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வாழையிலைச் சாப்பாடு. மறுநாள் பேப்பரில் படம் வரும். அதோடு சரி. அந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்கச் சங்கம். 1929இல் லாஸ் ஏஞ்சலஸில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கமாகத் தொடங்கியது. இரண்டே வருஷத்தில் வாஷிங்டனுக்கு ஜாகை மாறியது. சட்டம் எங்கே எழுதப்படுகிறதோ அங்கே போய் உட்கார வேண்டும் என்ற புத்தி அவர்களுக்கு அப்போதே வந்துவிட்டது. 2003இல் பெயரை அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சங்கம் என்று மாற்றினார்கள். ஓய்வு பெற்றவர்கள் மட்டுமல்லாமல், பணியில் இருக்கும் அதிகாரிகளும் இறந்த அதிகாரிகளின் கணவன்மார், மனைவிமாரும் அதில் உறுப்பினர்கள். சுமார் மூன்றரை லட்சம் பேர்.

பணியில் இருக்கிறவன் எப்படிச் சங்கத்தில் சேர முடியும் என்று அப்பா கேட்பார், பாருங்கள். அங்கேயும் ராணுவத்தில் தொழிற்சங்கம் கூடாது. 1978லிருந்து அது குற்றம். ஆனால் தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கத் தடை இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு படைவீரர் தன் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுவதை மேலதிகாரி தடுக்கக் கூடாது, அதற்காகப் பழிவாங்கவும் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நம் ஊரில் ஒரு கேப்டன் தன் தொகுதி எம்.பி.க்குப் பென்ஷன் பற்றிக் கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்று அப்பாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆக இங்கே இந்த வேலை முழுக்க ஓய்வு பெற்றவர்கள் தலையில்தான் விழுகிறது.

அந்தச் சங்கம் ஜெயித்த கதைகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். நமக்கு வேண்டிய பாடம் அதிலேயே இருக்கிறது.

முதல் கதை, விதவைகள் கதை. அமெரிக்க ராணுவத்தில் ஓய்வு பெறுகிறவர், தான் இறந்த பிறகு மனைவிக்குப் பென்ஷனில் ஒரு பங்கு போய்ச் சேர வேண்டும் என்று மாதா மாதம் தன் பணத்தைக் கட்டலாம். 1972இல் வந்த திட்டம் அது. அதே ஆள் பணியால் வந்த நோயினாலோ காயத்தினாலோ இறந்தால், வீரர் நலத்துறை மனைவிக்குத் தனியாக ஓர் உதவித்தொகையும் கொடுக்கும். சிக்கல் எங்கே என்றால், இரண்டாவது தொகை வந்ததும் முதல் தொகையிலிருந்து அதே அளவை டாலருக்கு டாலர் கழித்துவிடுவார்கள். கணவன் காசு கட்டி வாங்கியதை அரசு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்டது. சுமார் 65,000 பேர் இப்படி மாட்டிக்கொண்டார்கள். "விதவை வரி" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வைத்தபோதே பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன்.

மீதிப் பாதிக்கு வருஷக்கணக்கில் ஆனது. 2019இல் இதற்கான தனி மசோதாவுக்கு 435 பேர் உள்ள கீழவையில் 300க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அப்படியும் அது தனி மசோதாவாகக் கரை சேரவில்லை. செலவை எங்கிருந்து ஈடுகட்டுவது என்ற ஒரே கேள்வி அதை நகர விடவில்லை. கடைசியில் எப்படி நிறைவேறியது? அமெரிக்காவில் 1961லிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் நிறைவேறும் சட்டம் ஒன்று உண்டு, வருடாந்தரப் பாதுகாப்பு அனுமதிச் சட்டம். அந்த யானையின் முதுகில் இதை ஏற்றிவிட்டார்கள். 2019 டிசம்பரில் கையெழுத்தானது. கழிவு படிப்படியாகக் குறைந்து 2023 ஜனவரியில் முற்றிலும் போனது. எலி வளையானாலும் தனி வளை என்பதெல்லாம் மசோதாவுக்குப் பொருந்தாது தம்பி. ஓடுகிற ரயிலில் ஏறிக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

இரண்டாவது கதை சின்னது. 2013 டிசம்பரில் பட்ஜெட் சமரசம் ஒன்றைச் செய்தபோது, 62 வயதுக்குக் கீழ் உள்ள ராணுவ ஓய்வூதியர்களின் வருடாந்தர விலைவாசி உயர்வில் ஒரு சதவீதப் புள்ளியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். நாற்பது வயதில் ஓய்வு பெற்றவருக்கு இருபது வருஷத்துக்கு அது வட்டிக்கு வட்டி மாதிரி ஏறும். இந்தச் சங்கமும் மற்றச் சங்கங்களும் உட்கார்ந்து, இந்தப் பதவியில் இத்தனை வருஷம் இருந்தவர் 62 வயதுக்குள் இத்தனை ஆயிரம் டாலர் இழப்பார் என்று கணக்குப் போட்டு, ஆளுக்கொரு காகிதமாக ஒவ்வோர் அலுவலகத்திலும் வைத்தன. 2014 பிப்ரவரி நடுவிலேயே, ஏற்கெனவே படையில் சேர்ந்திருந்தவர்களுக்கு அந்த வெட்டு ரத்தானது. இரண்டு மாசத்துக்குள்! ஒரு சட்டம் வந்த வேகத்தில் திரும்பிப் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றாவது கதையைத்தான் அப்பா கவனமாகக் கேட்க வேண்டும். இருபது வருஷம் பணி செய்தால் உனக்கும் குடும்பத்துக்கும் ஆயுள் முழுக்க இலவச வைத்தியம் என்று சொல்லித்தான் பழைய தலைமுறையை அமெரிக்கப் படையில் சேர்த்தார்கள். 65 வயது ஆனதும் "மெடிகேருக்குப் போ" என்று, அதாவது முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைக் கைகாட்டி, ராணுவ வைத்தியத்தை நிறுத்திவிட்டார்கள். பட் டே என்று ஒரு கர்னல், வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தவர், மிக உயர்ந்த வீரப் பதக்கம் வாங்கியவர், வக்கீலும்கூட. அவர் அரசின் மேல் வழக்குப் போட்டார். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் கட்சிக்காரர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வாக்குறுதி கொடுத்தது உண்மைதான், ஆனால் அப்படிக் கொடுக்கச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்பதுதான் சாரம். வழக்கு தோற்றது. ஆனால் அதற்குள் காரியம் முடிந்திருந்தது. வழக்கு கிளப்பிய வெட்கத்தையும் சங்கங்கள் கொடுத்த அழுத்தத்தையும் தாங்க முடியாமல், 2000 அக்டோபரிலேயே காங்கிரஸ் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்தியத் திட்டத்தைச் சட்டமாக்கிவிட்டது. 2001 அக்டோபரில் அது அமலுக்கும் வந்தது. கோர்ட்டில் தோற்றார்கள், சட்டத்தில் ஜெயித்தார்கள்.

நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு.

நமது பழைய முறைப்படி, பணியில் இருப்பவர்களின் சம்பளம் மாற்றி அமைக்கப்படும்போதெல்லாம் ஓய்வூதியமும் அதை ஒட்டி ஏறும். 2013இல் ஓய்வூதியச் சீரமைப்புச் சட்டத்தைத் திருத்தி, அந்த வருஷம் ஜனவரி 1லிருந்து ஆண்டுக்கு 2 விழுக்காடு நிலையான உயர்வு என்று வைத்தார்கள். பார்க்க நல்லதாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் நிச்சயமாக ஏறுகிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். ஆனால் சம்பளத்தோடு இருந்த தொப்புள்கொடி அங்கே அறுந்தது. அமினா அகமது என்ற ஓய்வுபெற்ற அரசு ஊழியரும் அவரோடு சேர்ந்த ஓய்வூதியர்களும் வழக்குக்குப் போனார்கள். அவர்கள் கையில் இருந்தது கூட்டரசு அரசியலமைப்பின் 147ஆவது பிரிவு. ஓய்வூதியம் கொடுக்கப்பட்டபோது இருந்த சட்டத்தைவிடச் சாதகம் குறைந்த சட்டத்தைப் பின்னால் கொண்டுவந்து பொருத்தக் கூடாது என்று அது சொல்கிறது. 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. 2023 ஜூன் 27இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வெற்றிதானே? தீர்ப்பைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் ஒருவர் லட்டு வாங்கி வந்தார். ஆனால் திருத்தம் போனதும், அதை வைத்துக் கொடுத்துவந்த 2 விழுக்காட்டு உயர்வும் காலடியில் நிலம் இல்லாமல் நின்றது. 2024 தொடக்கத்தில் பென்ஷன் 2013க்கு முந்தைய விகிதத்துக்குத் திரும்பும் என்ற பேச்சு வந்ததும் எத்தனை வீடுகளில் தூக்கம் போனது என்று எனக்குத் தெரியும். பிறகு கையில் வரும் தொகை குறையாமல் அரசு தனியாக ஈடுகட்டியது. ஆனால் ஈடுகட்டுவது நிர்வாக முடிவு. சட்டம் தருவது உரிமை, நிர்வாக முடிவு தருவது தயவு. நீதிபதி ஒரு சட்டத்தை உடைக்கலாம். உடைந்த இடத்தில் புதிதாக எழுதுவது அவர் வேலை இல்லை. எழுதுகிற பேனா வேறு கையில் இருக்கிறது.

யார் கையில்? அமெரிக்காவில் எந்த உறுப்பினரும் செலவு வைக்கிற மசோதாவைக் கொண்டுவரலாம். அதனால்தான் அந்தச் சங்கத்துக்காரர்கள் கதவு கதவாகத் தட்டுகிறார்கள். நம் அரசியலமைப்பின் 67ஆவது பிரிவை அப்பாவைப் படிக்கச் சொல்லுங்கள். அரசுக் கருவூலத்தில் கை வைக்கிற மசோதாவையோ திருத்தத்தையோ மக்களவையில் அமைச்சர் மட்டும்தான் கொண்டுவர முடியும். மேலவையில் தொடங்கவே முடியாது. பென்ஷன் என்றாலே கருவூலம். ஆக 222 எம்.பி.க்களில் 200 பேர் உங்களுக்குக் கை தூக்கினாலும், அமைச்சர் எழுந்து நிற்காமல் அந்த மசோதா அவைக்குள் நுழையாது.

எம்.பி.யைப் பார்ப்பது வீண் என்று சொல்லவில்லை. எம்.பி.யால் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது, கேள்வி கேட்பது. வாய்மொழிக் கேள்வி, எழுத்துக் கேள்வி, சிறப்பு அறையில் விவாதம். அமைச்சர் சொல்கிற பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடும், அழியாது. "இத்தனை பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள், இத்தனை மில்லியன் ரிங்கிட் தேவைப்படும்" என்ற புள்ளிவிவரத்தை எந்த அலுவலகமும் உங்களுக்குக் கடிதத்தில் தராது. எம்.பி. கேட்டால் அவையில் தந்தாக வேண்டும். எங்கள் குழு உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான். மனு கொடுப்பதை நிறுத்தி, கேள்வி எழுதிக் கொடுத்தோம். நல்ல மலாயில், மூன்று வரியில், திரும்பத் தட்டச்ச வேண்டிய வேலைகூட வைக்காமல்.

உண்மையான அடுப்பு எரிவது புத்ராஜெயாவில். ஜாலான் பாடாங் தெம்பாக்கில் இருக்கிற தற்காப்பு அமைச்சு மனம் வைத்து அமைச்சரவைக்குக் குறிப்பு எழுதினால்கூட, நிதி அமைச்சும் பொதுச்சேவைத் துறையும் அதில் கருத்து எழுதும். அங்கேதான் கோப்பு படுத்துக்கொள்ளும். படைவீரர்கள் மேல் அவர்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவர்கள் பயம் வேறு. ராணுவத்துக்குக் கொடுத்தால் நாளை போலீஸ் கேட்பார்கள், பிறகு ஆசிரியர், தாதி, குமாஸ்தா என்று வரிசை நீளும். இந்தப் பயத்துக்குப் பதில் இல்லாத மனு எத்தனை பக்கம் இருந்தாலும் குப்பைதான். நாற்பது வயது சுமாருக்கே ஒருவரை வெளியே அனுப்புகிற வேலை, தொழிற்சங்கம் வைக்கத் தடை, இருபத்து நான்கு மணி நேரமும் கட்டளைக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கை. ஆசிரியருக்கும் குமாஸ்தாவுக்கும் இல்லாத இந்த நிலைமைகளை ஒரே பக்கத்தில் வைத்தால்தான் "இது இவர்களோடு நிற்கும்" என்று கோப்பில் எழுத அந்த அதிகாரிக்குத் தைரியம் வரும்.

சட்டம், சட்டம் என்று பேசுகிறோமே, பாதி விஷயத்துக்குச் சட்டமே தேவைப்படாது. 1972ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டத்தின் கீழ் விதிமுறைகள் இருக்கின்றன. அவற்றை மாற்ற மசோதா வேண்டாம், அரசாங்கக் கெஜட் போதும். அதற்கும் கீழே சுற்றறிக்கை இருக்கிறது. அதற்குக் கெஜட்டும் வேண்டாம், ஒரு தலைமை அதிகாரியின் கையெழுத்துப் போதும். உங்கள் குறை எந்த மாடியில் இருக்கிறது என்று பார்க்காமல் மாடிப்படி ஏறாதீர்கள். பிரிட்டிஷ் காலத்து அதிகாரிகள் மாதிரி எல்லாவற்றுக்கும் நாடாளுமன்றம் என்று கிளம்புவது நம் ஆட்களுக்கு ஒரு வியாதி. இந்தியாவில் ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்று 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் மாசக்கணக்கில் போராட்டமாக உட்கார்ந்தார்களே, அது கடைசியில் எந்தச் சட்டமும் ஆகவில்லை. செப்டம்பரில் அறிவிப்பு, நவம்பரில் அமைச்சகக் கடிதம், அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கசக்கிற விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அதிகாரிகள் சங்கம் அதிகாரிகளுக்காக மட்டும் பேசினால் இங்கே ஒரு நாற்காலிகூடக் கிடைக்காது. ஓய்வுபெற்ற மேஜருக்குப் பென்ஷன் போதவில்லை என்றால் கடைக்காரருக்கே சிரிப்பு வரும், கருவூலத்துக்கு வராதா? கீழ்நிலை வீரர்களில் 21 வருஷம் முடிக்காமல் வெளியே வந்தவர்களுக்குப் பென்ஷனே கிடையாது. அவர்களில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துக் காட்டில் கிடந்தவர்களும் இருக்கிறார்கள். ஏழு மணிக்கு மேல் பாதுகாவலர் சட்டையில் அடுக்குமாடி வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் வரிசையில் முன்னால் நிற்கும்போது மேஜர் பின்னால்தான் நிற்க வேண்டும். அமெரிக்கச் சங்கமும் இதைத் தெரிந்துதான் சார்ஜெண்டுகள் சங்கம், விதவைகள் சங்கம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகளோடு கூட்டணி வைத்திருக்கிறது. அதிகாரிக்கு எழுதத் தெரியும், கணக்குப் போடத் தெரியும், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று தெரியும். அந்தத் திறமையைக் கார்ப்பரலுக்காகச் செலவழித்தால் கதவு திறக்கும், திறந்த கதவில் மேஜரும் நுழையலாம்.

தமிழர்கள் என்ற முறையில் நமக்கென்று ஒரு வேலை இருக்கிறது. மேடை ஏறினால் நம் ஆட்களுக்கு 31 வயதில் கடற்படைத் தலைவரான தனபாலசிங்கத்தின் பெயரைச் சொல்லாமல் இறங்க வராது. பெருமை சரிதான், எனக்கும் உண்டு. ஆனால் மனுவில் அதற்கு இடமில்லை. இது இந்தியர் பிரச்சினை என்று கொண்டுபோனால் எண்ணிக்கை சின்னதாகிவிடும், கோப்பு அமைச்சு மாறி எங்கோ போய்விடும். படையினர் பிரச்சினையாகவே கொண்டுபோங்கள். நமக்கென்று உள்ள வேலை காகிதத்தில் இருக்கிறது, கல்யாணக் காகிதத்தில். 1982 மார்ச் 1லிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவாக வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பிறகும் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, பந்தி போட்டு, பதிவை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் உண்டு. கணவர் மறைந்து, மனைவிக்கு வர வேண்டிய பென்ஷனுக்காக அந்த அம்மா முகப்பில் போய் நின்றால் முதல் கேள்வியே சான்றிதழ் எங்கே என்பதுதான். நாற்பது வருஷம் கூட இருந்தவர், கையில் கோயில் ரசீதும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும். இப்படி இரண்டு அம்மாக்களுக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்குக் கிடைத்தது. இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. இந்த மாதிரிக் குடும்பங்களைத் தேடிக் கணக்கெடுக்க நம்மால் மட்டும்தான் முடியும். தமிழில் பேசினால்தான் அந்த அம்மாக்கள் வாயைத் திறப்பார்கள்.

சங்கம் புதிதாக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். 2012ஆம் ஆண்டு வெட்டரன் சட்டம் வந்தபின் முன்னாள் படையினர் சங்கங்களுக்குத் தனிப் பதிவு முறையே இருக்கிறது. முன்னாள் படையினர் அமைப்புகளும் ஏற்கெனவே பல. புதிதாக ஒன்று தொடங்கினால் முதல் இரண்டு வருஷம் தலைவர் யார், பொருளாளர் யார் என்பதிலேயே போகும். எங்கள் சங்கத்தில் சின்னம் வரைவதற்கே ஏழு கூட்டம் நடந்தது. இருக்கிற ஒன்றில் சேர்ந்து பென்ஷனுக்கு மட்டும் ஐந்து பேர் குழு அமையுங்கள். ஒரு கணக்காளர், ஒரு வழக்கறிஞர், நல்ல மலாய் எழுதத் தெரிந்தவர் ஒருவர், கீழ்நிலையில் இருந்து வந்தவர் ஒருவர், கணவரை இழந்த ஒரு அம்மா. கட்சிக் கொடி பிடிக்கிறவரை எவ்வளவு பெரிய பதவியில் இருந்தவரானாலும் அந்தக் குழுவுக்குள் விடாதீர்கள். அரசு மாறினால் உங்கள் மனுவும் அவரோடு வெளியே போய்விடும். ரகசியக் காகிதம் எதையும் கையால் தொடாதீர்கள். பழைய நண்பர் அலுவலகத்திலிருந்து அமைச்சரவைக் குறிப்பின் நகலை அன்போடு நீட்டுவார், 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டத்துக்கு அந்த அன்பு தெரியாது.

நேரம்தான் இன்னொரு விஷயம். பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் வரும். செப்டம்பரில் மனு கொடுப்பது பந்தி முடிந்தபின் இலை கேட்பது மாதிரி. ஆண்டின் முற்பகுதியிலேயே உங்கள் ஒரு பக்கம் நிதி அமைச்சிலும் தற்காப்பு அமைச்சிலும் இருக்க வேண்டும். பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்று மாதம் ஒரு முறை, மரியாதையாக, அலுக்காமல் கேட்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லுங்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருப்பேன். 2012 டிசம்பர் பென்ஷன் கணக்கையும் இந்த மாதக் கணக்கையும் எடுத்துக்கொண்டு வரட்டும். 2013க்குப் பிறகு ஓய்வு பெற்ற மேஜர் யாராவது தன்னுடையதைக் காட்டச் சம்மதித்தால் அவரையும் கூட்டி வரட்டும். அப்பாவுடைய பழைய பட்டாலியன் கார்ப்பரல் ஒருவர் செந்தூலிலேயே இருப்பதாகக் கேள்வி. அவர் வராமல் கூட்டத்தைத் தொடங்க மாட்டேன்.